எதில் 36 சதவீதம்?

லிப்பிட்டார் மாத்திரைக்கு அமெரிக்காவில் வந்த ஒரு விளம்பரம், மாரடைப்பு அபாயத்தை 36 சதவீதம் குறைக்கும் என்று பெரிய எழுத்தில் சொன்னது. கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: பெரிய ஆய்வு ஒன்றில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கு மாரடைப்பு வந்தது, லிப்பிட்டார் சாப்பிட்டவர்களில் 2 சதவீதம் பேருக்கு.

பந்தியில் நூறு பேர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுக்குச் சற்று மேலாக அத்தனை பேரும் தினமும் மாத்திரை போடுகிறார்கள். தொண்ணூற்றேழு பேருக்கு மாத்திரை இல்லாமலும் மாரடைப்பு வந்திருக்காது. இரண்டு பேருக்கு மாத்திரை போட்டும் வருகிறது. தப்புகிறவர் ஒருவர். 36 என்பது பொய்யல்ல; துல்லியக் கணக்கில் 3.0 சதவீதம் 1.9 ஆனது, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆனால் எதில் குறைந்தது என்பதை அந்த எண் சொல்வதில்லை.

இந்த ஒப்பீட்டுக் கணக்கை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. ஆளுக்கு ஆள் அபாயம் மாறினாலும், மருந்து குறைக்கும் விகிதம் பெரும்பாலும் ஏறத்தாழ அப்படியே நிற்கும். ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சர்க்கரையும் உள்ள ஒருவரின் அபாயம் நூற்றுக்கு முப்பது என்றால், அதே மூன்றிலொரு பங்கு அவரைப்போன்ற நூறு பேரில் பத்துப் பேரைக் காப்பாற்றும். ஓர் ஆய்வின் முடிவை வேறொரு நோயாளிக்குப் பொருத்திப் பார்க்க மருத்துவருக்கு இந்த விகிதம் வேண்டும். நோயாளியின் கையில் அது மட்டும் தனியாகப் போய்ச் சேர்வதுதான் ஆபத்து.

அந்த ஆபத்து பயமுறுத்தும் பக்கமும் வேலை செய்யும். 1995 அக்டோபரில் பிரிட்டன், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக்கட்டு அபாயம் இரட்டிப்பாகிறது என்று எச்சரித்தது. 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது இருவருக்கு ஆனது, அவ்வளவுதான். பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்பது கணிப்பு. கர்ப்பமே அந்த மாத்திரையைவிட இரத்தக்கட்டு அபாயம் மிகுந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

எனக்குப் பெரும் குற்றமாகப் படுவது, நன்மையை ஒப்பீட்டுச் சதவீதத்தில் சொல்லிவிட்டு, பக்கவிளைவை மட்டும் நூற்றுக்கு இத்தனை என்று சொல்வது. ஒரே தராசில் இரண்டு விதப் படிக்கற்கள். மருத்துவச் சோதனைகளை எழுதுவதற்கான கன்சார்ட் நெறிமுறை 2010 பதிப்பிலேயே இரண்டு கணக்கையும் சேர்த்துத் தரச் சொல்லிவிட்டது. செய்தித் தலைப்புகளில் இன்னமும் பெரும்பாலும் ஒப்பீட்டுச் சதவீதம் மட்டும்தான் வருகிறது. மருந்துச்சீட்டை வாங்கும்போது, “என்னைப்போல நூறு பேர் இதைச் சாப்பிட்டால் எத்தனை பேருக்கு நல்லது டாக்டர், எத்தனை பேருக்குக் கெடுதல்?” என்று கேட்கிறவருக்கு, இரண்டுக்கும் எண்ணிக்கையிலேயே பதில் கிடைக்க வேண்டும்.