‘சமதளம்’ என்ற முத்திரையை நம்பாதீர்கள்: சைக்கிள் வழித்தடக் கோப்புகள் பற்றி

சென்னை, வேலூர், திருவண்ணாமலை பக்கத்து சைக்கிள் ஓட்டிகள் பகிர்ந்துகொள்ளும் வழித்தடக் கோப்புகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வருகிறேன். கடற்கரைச் சாலை, மலைச்சாலை இரண்டும் கலந்து கிடக்கின்றன. எதைத் திறந்தாலும் மேலே மூன்று விவரம்: தூரம், மொத்த ஏற்றம், அப்புறம் ‘எளிது’, ‘நடுத்தரம்’, ‘கடினம்’ என்று ஒரு முத்திரை. மரக்காணம் போகிற வழி எளிது. ஜமுனாமரத்தூர் ஏறுகிற வழி கடினம்.

இந்த முத்திரை தப்பு என்பது என் கட்சி. ரசனை சம்பந்தப்பட்ட சின்ன வாக்குவாதம் என்று தோன்றலாம். ஆனால் புதுசாக சைக்கிள் வாங்கின ஒருத்தர் ‘எளிது’ என்பதை நம்பித்தான் மே மாத மத்தியானத்தில் நிழலே இல்லாத கடற்கரைச் சாலையில் காலித் தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறார்.

முதலில் ‘மொத்த ஏற்றம்’ என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெரும்பாலான வழித்தடக் கருவிகளுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ராடாரில் எடுத்த உயர அளவு, அல்லது அதே மாதிரியான இன்னொரு தரவு. நல்ல தரவுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு கட்டம் என்பது தரையில் சுமார் 30 மீட்டர் சதுரம். மலைச்சாலை 7 மீட்டர் அகலம். ஒரே கட்டத்துக்குள் சாலையும் இருக்கும், மேலே பாறையும் இருக்கும், கீழே பள்ளமும் இருக்கும். அந்தக் கோட்டை அப்படியே கூட்டினால் சாலை ஏறாத ஏற்றமெல்லாம் கணக்கில் ஏறிவிடும். சமதளத்திலும் இதே கதை. ராடார் பல இடங்களில் தரையைப் பார்ப்பதில்லை, தோப்பின் தலையைப் பார்க்கிறது. ஒரு தென்னந்தோப்பைக் கடந்தால் நீங்கள் ஒரு குன்று ஏறி இறங்கியதாகக் கணக்கு. இதைச் சரிசெய்ய ஒவ்வொரு செயலியும் தன் இஷ்டத்துக்குக் கோட்டை மழுங்கடிக்கும். அதனால்தான் ஒரே கோப்பை இரண்டு செயலியில் போட்டால் இரண்டு விடை வருகிறது.

கைப்பிடியில் மாட்டுகிற கருவி காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிறதே, அது தேவலையா? தேவலைதான். ஆனால் நம்ம பக்கம் காற்றழுத்தம் தினமும் காலை 10 மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், மாலை 4 மணி வாக்கில் 3, 4 மில்லிபார் குறையும். ஒரு மில்லிபாருக்கு 8 மீட்டர் சொச்சம் என்றால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே 25 மீட்டர் ஏறிவிடலாம்.

இதெல்லாம் சில்லறைப் பிழை. பெரிய பிழை வேறு. ஏற்றம் விண்ணிலிருந்து அளந்து இலவசமாகக் கிடைத்தது, அதனால் அதையே கஷ்டத்தின் அளவுகோலாக்கிவிட்டார்கள். காற்று அப்படிக் கிடைக்கவில்லை. அது இடத்துக்கு இடம், மணிக்கு மணி மாறும். கோப்பில் அதற்கு ஒரு கட்டமே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. சமதளத்தில் மணிக்கு 25 கி.மீ. வேகம். காற்றே இல்லையென்றால் சுமார் 95 வாட் மிதித்தால் போதும். முகத்தில் மணிக்கு 15 கி.மீ. எதிர்காற்று அடித்தால் அதே வேகத்துக்கு 200 வாட் வேண்டும். அந்த அதிகப்படி விசை கிட்டத்தட்ட 1.8 சதவீதச் சரிவில் ஏறுவதற்குச் சமம். அப்படியென்றால் 50 கி.மீ. எதிர்காற்றில் போவது 900 மீட்டர் மலை ஏறுவது மாதிரி. காற்று பக்கவாட்டில் அடித்தால் இது மாறும், குனிந்து ஓட்டினால் குறையும். இருந்தாலும் கணக்கின் பருமன் இதுதான்.

இதை ஜவ்வாது மலையோடு வைத்துப் பாருங்கள். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிற காவலூர் 725 மீட்டர் உயரம். போளூரிலிருந்து அந்த உயரத்துக்கு நிகர ஏற்றம் 550 மீட்டர் சொச்சம். வழியில் இறங்கி ஏறுவதைச் சேர்த்தால் கூடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மலை, ஏறினதில் பெரும்பகுதியை இறக்கத்தில் திருப்பித் தந்துவிடும். எதிர்காற்று எதையும் திருப்பித் தராது.

ஈசிஆர் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. நம் ஊரில் சைக்கிள் ஓட்ட இதமான காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை. அப்போதுதான் வடகிழக்குக் காற்று. சென்னையிலிருந்து காலையில் தெற்கே கிளம்புகிறவருக்கு அது முதுகில் கைவைத்துத் தள்ளும். கடப்பாக்கம் தாண்டி மரக்காணம் உப்பளம் வரும்போது, ‘நமக்கு இவ்வளவு தெம்பா’ என்று ஒரு நினைப்பு வரும். மத்தியானம் திரும்பும்போதுதான் தெரியும் யார் மிதித்தது என்று. கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி: செய்யூருக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் சாலையிலிருந்து கடல் தெரிகிற இடம் குறைவு. தோப்பும் கழிமுகமும் உப்பு வயலும்தான் தெரியும். எனக்கு அதுவே பிடிக்கும். ஆனால் கோப்பில் ஒட்டியிருக்கிற படம் என்னவோ அலைகளோடுதான் இருக்கிறது.

நீண்டதூர சவாரிகளின் கடிகாரமும் இதே ரகம். பாரிஸ் ஆடாக்ஸ் சங்கத்தின் விதிப்படி 200 கி.மீ. சவாரிக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி. பிரான்ஸில் பிரிட்டனியின் குளிரிலும் அதே கணக்கு, திண்டிவனம் வெயிலிலும் அதே கணக்கு. உலகம் முழுக்க ஒரே விதி இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அந்த விதிக்குள் எப்போது கிளம்புவது, எந்தத் திசையை முதலில் ஓட்டுவது என்பது வழியை அமைப்பவர் கையில் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிற கோப்பை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்று நூறு வருஷத்துக்கு முன்பே பிரான்ஸில் வெலோசியோ என்ற பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். அவர் பார்த்தது உடம்பை. நாம் பார்ப்பது திரையை.

எங்க ஆரணியில் தெருவில் பாவு போடுகிறவர்கள் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்குவார்கள். வெயிலும் காற்றும் ஏறிவிட்டால் பட்டு இழை சொன்னபடி கேட்காது. செயலி எழுதுகிறவர்கள் (நானும் அந்த ஜாதிதான்) அவர்களோடு ஒரு வாரம் இருந்திருந்தால் நேரம் என்பதற்கும் ஒரு கட்டம் வைத்திருப்பார்கள்.

மலைவழிகளை எழுதுகிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. அங்கே கொண்டை ஊசி எண்ணிக்கைதான் விளம்பரம். கொல்லிமலை 70, ஏலகிரி 14. ஏலகிரி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருப்பதால், மூச்சு வாங்க நிற்கும்போது பலகை படிக்கிற சாக்காவது கிடைக்கிறது. மற்றபடி 14 என்ற எண்ணை வைத்து ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கே தண்ணீர், எங்கே நிழல், எந்த வளைவில் மணல் கொட்டிக் கிடக்கிறது என்பதுதான் வேண்டும்.

நிழல் என்றதும் சொல்ல வேண்டிய சாலை ஒன்று இருக்கிறது. செய்யூரில் கிளம்பி வந்தவாசி, சேத்துப்பட்டு வழியாகப் போளூர் வருகிற சாலை. கடலோரத்தில் தொடங்கி மலையடிவாரத்தில் முடிகிற சாலை இதைவிட நேராக நம் பக்கம் கிடையாது. சென்னை–கன்னியாகுமரி தொழில்வழித் திட்டத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் இதை அகலப்படுத்தினார்கள். இப்போது தார் வழவழவென்று இருக்கிறது, ஓரத்தில் ஒதுங்க இடம் இருக்கிறது, லாரி உரசுவதில்லை. ஆனால் ஓரத்துப் புளியமரங்கள் பல போய்விட்டன. வழித்தடக் கோப்பில் பழைய சாலைக்கும் புதுச் சாலைக்கும் வித்தியாசமே இல்லை. அதே தூரம், அதே ஏற்றம், அதே ‘எளிது’. பதினொரு மணிக்கு அதில் ஓட்டுகிறவருக்கு அது வேறொரு சாலை.

அதனால் என் கோப்புகளில் முத்திரையை அழித்துவிட்டு, கையாலேயே மாதமும் கிளம்பும் நேரமும் எழுதி வைக்கிறேன். ஒரே வழி ஜனவரி காலைக்கு ஒரு மாதிரி, ஏப்ரல் மத்தியானத்துக்கு வேறு மாதிரி. குழு வழிகளை அமைக்கிறவர்கள் இதைச் செய்தால் போதும், புது செயலி எதுவும் வேண்டாம்.

முதல் நீண்ட சவாரி எங்கே போகலாம் என்று ஆரணியில் என்னைக் கேட்பவர்களைக் கடல் பக்கம் அனுப்புவதில்லை. போளூர் வழியாக அத்திமூர் மலையடி, முடிந்தால் அதற்கு மேலே. காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். தண்ணீரை அத்திமூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே கடைகள் குறைவு. முடியவில்லையென்றால் இறங்கித் தள்ளலாம், திரும்பினால் இறக்கம். பிரேக் கட்டையை மட்டும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.