புத்தரது ஆதிவேதம்: உளப்பகுப்பும் அனுபூதியும் – கோலார் தங்கவயலை முன்வைத்து

அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) எழுத்துகள் ஞான. அலாய்சியஸின் தொகுப்புகளாகப் பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வெளிவரத் தொடங்கிய பின்னர், தமிழாய்வுலகம் அவரை எதிர்வரலாறு எழுதியவராகவே பெரிதும் அணுகி வந்துள்ளது. சாதியத்தின் தோற்றம், பூர்வ பௌத்தம், வேஷ பிராமணர் – யதார்த்த பிராமணர் என்னும் பாகுபாடு ஆகியன விரிவாகப் பேசப்பட்டன. அவரது பெருநூலான ‘புத்தரது ஆதிவேதம்’ (1912) மட்டும் மேற்கோளுக்குரிய தரவுக் களஞ்சியமாகச் சுருங்கிப்போயிற்று. அந்நூலின் மையமோ வரலாறன்று, மனம். தொகுப்புகள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அதனை வாழ்வோடு பிணைத்து வைத்திருந்தவர்கள் கோலார் தங்கவயல் தமிழர்கள். மாரிக்குப்பத்தில் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை செயற்பட்டது. சாம்பியன் ரீப்பின் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்துப் பரப்பியது. ‘தமிழன்’ இதழும் பிற்காலத்தில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அங்கிருந்தே வெளிவந்தது. நிலத்தடியில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி, பாறை வெடிப்புக்கும் நுரையீரல் நோய்க்கும் இடையில் உழைத்த மக்களுக்கு இத்தகைய தத்துவ நூல் ஏன் தேவைப்பட்டது என்னும் வினா இதுவரை முறையாக எழுப்பப்படவில்லை.

நூலின் தலைப்பிலேயே விடைக்கான திறவுகோல் உண்டு. வேதம் என்னும் சொல்லைப் பண்டிதர் ‘பேதம்’ என்பதிலிருந்து வருவிக்கிறார். தீமை செய்யாதிருத்தல், நன்மையைக் கடைப்பிடித்தல், இதயத்தைத் தூய்மை செய்தல் என்னும் புத்தரின் மூன்று அறிவுறுத்தல்களே அவர் கூறும் திரிபேத வாக்கியங்கள். கன்மபாகை, அர்த்தபாகை, ஞானபாகை என அவை வகைப்படுத்தப்படுகின்றன. இவற்றுள் மூன்றாவதே நூலின் உயிர்நாடி. தூய்மை – தீட்டு என்பதனைப் பிறப்பின்வழி உடலில் ஏற்றிவைத்த சமூகத்தில், தூய்மையை இதயத்தின் தொழிலாக இடம் மாற்றுவது வெறும் அறவுரையாகாது. தீண்டத்தகாதவன் என்று சொல்லப்பட்டே வளர்ந்தவன், அச்சொல்லைத் தன்னைப் பற்றிய தன் எண்ணமாகவே உள்வாங்கிக் கொள்கிறான். பிரான்சு பனான் ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ (1952) நூலில் ஓர் உளமருத்துவராக நின்று விளக்கிய இந்நிலையை, அதற்கு நாற்பதாண்டுகள் முன்னரே ஒரு சித்த மருத்துவர் வேறு மொழியில் எதிர்கொண்டார் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

பிராய்டின் ‘கனவுகளின் விளக்கம்’ 1900ஆம் ஆண்டின் முத்திரையோடு வெளிவந்தது. இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைக் கிரீந்திரசேகர போஸ் கல்கத்தாவில் நிறுவியதோ 1922இல்தான். ஆதலின் தாக்கம் தேடுவது வீண்முயற்சி. ஒப்புமை முறையியலில்தான் உள்ளது. நாத்தவறுகளிலும் கனவுகளிலும் ஒடுக்கப்பட்ட நினைவின் தடத்தைப் பிராய்டு தேடினார். பண்டிதரோ சொற்களிலும் பண்டிகைகளிலும் மக்கள் வழக்காறுகளிலும் ஒடுக்கப்பட்ட பௌத்தத்தின் தடத்தைத் தேடினார். ஐந்திரியங்களை வென்றவன் ஐந்திரன், ஐந்திரனே இந்திரன், இந்திரர் தேசமே இந்தியா என்னும் அவரது சொற்பிறப்பு விளக்கத்தை மொழியியல் ஏற்காது. ஏற்க வேண்டும் என வாதிடுவோர் பண்டிதருக்கு நன்மை செய்பவர்களும் அல்லர். ஆயினும் அவ்விளக்கம் நிகழ்த்தும் பணி வேறு. புலன்களை வெல்லும் அகவினையும் ஒரு நாட்டின் பெயரும் ஒரே சொல்லுக்குள் வைக்கப்படுவதால், தன் மனத்தை ஆளும் தொழிலாளி தான் இழந்த தேசத்தையும் மீட்டுக்கொள்கிறான்.

அகவயப் பயிற்சியைப் பேசும் இடங்களில் நூல் மணிமேகலையோடும் சித்தர் மரபோடும் கைகோத்துச் செல்கிறது. பேதைமை முதல் வினைப்பயன் ஈறாகவுள்ள பன்னிரு சார்புகளை மணிமேகலை தமிழிலேயே பெயரிட்டுத் தந்துவிட்டது. ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் வரிசை உளவியலுக்கான ஆயத்தக் கலைச்சொற்கள் அன்றி வேறென்ன? பண்டிதரின் சமகாலத்தவரான பி. லட்சுமி நரசு, 1907இல் எழுதிய ‘பௌத்த சாரம்’ என்னும் ஆங்கில நூலில் பௌத்தத்தைப் பகுத்தறிவுக்கு உகந்த அறமாக முன்வைத்தார். அம்பேத்கர் முன்னுரையுடன் 1948இல் மறுபதிப்புக் கண்ட சிறந்த நூல் அது. எனினும் அதில் அனுபூதிக்கு இடம் குறைவு. ரோமன் ரோலண்டு சுட்டிய கடலனைய உணர்வைத் தம்முள் காண இயலவில்லை என்று எழுதிய பிராய்டின் அருகில் நரசுவை நிறுத்தலாம். ஆதிவேதம் அவ்வாறு விலகுவதில்லை. மனத்தைப் பகுத்தறிதலும் மனம் அடங்கிய நிலையை எய்துதலும் அதற்கு ஒரே பாதையின் இரு படிகள். 1957இல் மெக்சிகோவில் எரிக் பிரோமும் சுசுகியும் கூடி விவாதித்த பொருளும் ஏறத்தாழ இதுவே.

பாராட்டோடு நிறுத்திக்கொள்வது திறனாய்வுக்கு அழகன்று. இதய சுத்தியை வலியுறுத்திய பண்டிதர், ‘தமிழன்’ கட்டுரைகளில் பிறரால் தாழ்த்தப்பட்டோர் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தோர் வேறு எனப் பிரித்து, தோட்டிகள், குறவர் முதலியோரைப் பின்னதில் வைத்தார். தன்மீது சுமத்தப்பட்ட இழிவைக் கழற்றி அடுத்தவர் தோளில் ஏற்றுவதனை உளப்பகுப்பாய்வு ‘புறத்தேற்றம்’ என்று குறிக்கும். நூலாசிரியரின் உளத்திலேயே அவர் நூல் தீர்க்க முனைந்த நோயின் எச்சம் தங்கியிருந்தது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட பின்னர், தங்கவயல் குடும்பங்களிலிருந்து பலர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்கின்றனர். அந்நகரில் கழிவுநீர்க் குழிகளில் இறங்குவோரும் துப்புரவுப் பணியாளரும் பெரும்பாலும் பண்டிதர் இயல்பில் தாழ்ந்தோர் என ஒதுக்கிய வகுப்புகளின் வழிவந்தவர்கள். ஆதிவேதத்தின் மூன்றாம் வாக்கியத்தை அவர்கள் எவ்வாறு வாசிப்பார்கள் என்பதே அயோத்திதாசர் ஆய்வு இனி எதிர்கொள்ள வேண்டிய கடினமான வினா.