உள்ளமை அசெம்பிளியும் சட்டகச் சுட்டும்: ஒரு மதிப்பீடு

சி நிரலுக்குள் அசெம்பிளிக் கட்டளைகளை எழுத ஜிசிசி நிரல்பெயர்ப்பி இடம் தருகிறது. ஆனால் அவற்றின் பொருளை அது ஆராய்வதில்லை. எழுத்துச் சரமாகவே அசெம்பிளருக்குக் கடத்துகிறது. எந்தப் பதிவகங்கள் மாறும் என்பதை நிரலரே தனிப் பட்டியலில் தெரிவிக்க வேண்டும். விட்டுவிட்டால் எச்சரிக்கைகூட வராது. நீர்பாய்ச்சியிடம் சொல்லாமல் மடையைத் திறப்பதைத் தஞ்சை வட்டாரத்தில் பார்த்தவர்களுக்கு இது புரியும்: சேதம் அடுத்தவர் வயலில்தான் தெரியும்.

ஒரு செயற்கூறு அடுக்கில் தனக்கென ஒதுக்கிக்கொண்ட இடத்தைக் குறிக்கும் சட்டகச் சுட்டின் நிலை இன்னும் விநோதம். எக்ஸ்86-64 கணினிகளில் அது ஆர்பிபி பதிவகம். சுட்டு தேவைப்படும் செயற்கூற்றில் அதைப் பட்டியலில் சேர்த்தால் ஜிசிசி பிழையென்று நிறுத்துகிறது. சேர்க்காமல் மாற்றினால் பேசாமல் விடுகிறது. உண்மையைச் சொன்ன மாணவனுக்கு மட்டும் பிரம்படி!

இதைவிடப் பெரிய குறை 'சிவப்பு மண்டலம்' சார்ந்தது. அடுக்குச் சுட்டுக்குக் கீழுள்ள 128 பைட்டுகளை, வேறு எதையும் அழைக்காத செயற்கூறு தற்காலிகமாகப் பயன்படுத்தலாம் என்பது லினக்ஸ் மரபு. உள்ளமை அசெம்பிளியில் ஒரு 'புஷ்' வந்தால் அங்குள்ள மதிப்பு அழியலாம். இதைப் பட்டியலில் தெரிவிக்கும் வழி 2025-இல் வெளியான ஜிசிசி 15-இல்தான் வந்தது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் பின்பற்றும் ரிஸ்க்-5 மரபில் இம்மண்டலமே இல்லை.