தாசில்தாரின் துப்பாக்கி

பழைய துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால் அதன் முதல் சொந்தக்காரர் யாரென்று கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. குழலைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தால் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். முத்திரையின் வடிவம் அவ்வப்போது மாறியிருப்பதால் செய்த காலத்தை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அடுத்தது வரிசை எண். பேர்போன கம்பெனிகள் பேரேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. எண்ணைத் தேடினால் வாங்கினவர் பெயர் கிடைக்கும். முறை நல்ல முறைதான். யாருடைய துப்பாக்கிக்கு என்பதுதான் என் கேள்வி.

ஜிம் கார்பெட்டின் புத்தகத்தை, தமிழில் தி.ஜ.ர. ‘குமாயுன் புலிகள்’ என்று கொடுத்ததை, மறுபடி படித்தபோது இந்தக் கேள்வி வந்தது. 1907இல் சம்பாவத் என்ற ஊரில் கார்பெட் கொன்ற பெண்புலியின் பெயரால் புகழ்பெற்ற ரிக்பி ரைபிள் ஒன்று உண்டு. ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் அவருக்குக் கொடுத்தது. கொடுத்தவர், வாங்கியவர், காரணம் எல்லாம் தகட்டில் பொறித்திருக்கிறது. 1955இல் கார்பெட் கென்யாவில் இறந்த பிறகு அது அவருடைய பதிப்பகமான ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸுக்குப் போனது. 2015இல் ரிக்பி கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது. தடம் தெளிவு. ஒரே சங்கடம், அந்தப் புலியை அது சுடவில்லை. சுட்டதற்குப் பரிசாக வந்தது அது.

கடைசிக் குண்டைச் சுட்டது தாசில்தாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி. அன்று தப்பி ஓடிய புலியைத் திருப்பிவிட்டதும் அதன் சத்தந்தான். கையில் தோட்டா தீர்ந்துபோக, கார்பெட் ஓடிப்போய் அதைப் பிடுங்கி வந்தார். குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே 3/8 அங்குல இடைவெளி. வெடித்தால் கண் போயிடும். 20 அடி தூரத்தில் வாய்க்குக் குறிவைத்தார், குண்டு பாதத்தில் பட்டது. முன்பே பட்ட காயங்களால் செத்துக்கொண்டிருந்த புலி தலையைச் சாய்த்தது. இந்தத் துப்பாக்கியை யார் செய்தது, யார் முதலில் வைத்திருந்தது, பிரதியில் ஒன்றும் கிடையாது. தாசில்தாருக்கே பெயர் இல்லை, பதவி மட்டும்தான்.

அந்த நாளில் இன்னொன்றும் நடக்கிறது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளைக் கண்டுகொள்ள மாட்டேன், மருந்தும் தருகிறேன் என்று தாசில்தார் சொல்லியனுப்ப, 298 பேர் வந்து சேருகிறார்கள். அவர்கள் கொண்டுவந்ததை வைத்து ஒரு மியூசியமே நடத்தலாம் என்று கார்பெட் வேடிக்கையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நகர முடியாத இடம் இது. 1878ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் வெள்ளைக்காரருக்கு விலக்கு, நாட்டு ஜனங்களுக்கு லைசென்ஸ். லைசென்ஸ் கிடைக்காதவன் துப்பாக்கிக்கு வரலாறு இருக்கக்கூடாது. இருந்தால் அவன் ஜெயிலில் இருப்பான். ஆவணம் இல்லாததுதான் அதன் பாதுகாப்பு. நேபாளத்தில் 200 பேரைத் தின்ற இந்தப் புலியை ஆயுதம் தாங்கிய ஆட்கள் கூடி விரட்டினார்கள். எல்லை தாண்டி வந்து குமாயுனில் நாலு வருடத்தில் 234 பேரைத் தின்றது. இரண்டையும் சொல்கிற கார்பெட், நடுவில் இருக்கும் சட்டத்தை மட்டும் சொல்லவில்லை. துப்பாக்கியைப் புகழ்வது என் நோக்கமில்லை. அந்த மியூசியம் ஏன் ஒரே ஒரு நாள் திறந்திருந்தது என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து நைனிடால் தர்பாரில் தாசில்தாருக்குப் புதுத் துப்பாக்கி. கார்பெட்டோடு துணைக்குப் போன கிராமத்து ஆளுக்கு வேட்டைக் கத்தி. இரண்டிலும் எழுத்துப் பொறித்து. வம்சாவளியாகப் போற்றப்படும் என்கிறார் கார்பெட். அதாவது வரலாறு என்பது மேலிருந்து பொறித்துக் கொடுக்கப்படுவது. புலியைத் திருப்பிய பழசு எங்கே போச்சு?

எனவே எண் இல்லாத, முத்திரை தேய்ந்த துப்பாக்கி கைக்கு வந்தால் பேரேட்டில் இல்லையென்று மூடி வைத்துவிடாதீர்கள். யார் வாங்கினார் என்பதற்குப் பதில், யார் கண்ணில் படாமல் இது இத்தனை நாள் இருந்தது என்று கேளுங்கள். முதல் சொந்தக்காரரின் பெயர் கிடைக்காமல் போகலாம். அவர் யாருக்குப் பயந்தார் என்பது கிடைத்துவிடும்.