பழங்கோலமும் புதுவிமானமும்

கலைகளை அறுபத்து நான்கென வகுத்தனர் நம் முன்னோர். காலந்தோறும் கருவிகள் மாறுதலின் அத்தொகை ஓரிடத்து நில்லாது வளர்தல் இயல்பே. கல்லிலும் சுவரிலும் துணியிலும் எழுதிய மனிதன் இன்று கணினித் திரையிலும் எழுதுகின்றான். அங்ஙனம் எழுந்த சிறுகலைகளுள் ஒன்றே ஈண்டு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. பிளைட் சிமுலேட்டர் எனப்படும் பறப்புப் பாவனை மென்பொருளிலே தோன்றும் விமானங்களுக்கு, மறைந்த காலத்து வண்ணக்கோலங்களைத் தீட்டுதலே அது. இதனை இளைஞர் விளையாட்டென்று ஒதுக்குவாரும் உளர். வியந்து போற்றுவாரும் உளர். ஆயின் ஒதுக்குவதும் வியப்பதும் திறனாய்வு ஆகா. இக்கலையில் எது நன்று, எது தீது, அஃது ஏன் என்னும் வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இக்கலையின் இயல்பினை நோக்குவோம். 1982ஆம் ஆண்டு மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட முதற் பறப்புப் பாவனையிலே விமானமும் நிலமும் எளிய கோடுகளாகவும் தட்டையான நிறங்களாகவுமே தோன்றின. வண்ணக்கலைக்கு ஆண்டு இடமில்லை. 2020ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் அந்நிறுவனம் வெளியிட்ட பதிப்புகளிலோ, உலோகத் தகட்டின் பொருத்துவாயும் அதன்மேற் படியும் ஒளியும் கண்கூடாகத் தெரிகின்றன. எக்ஸ்-பிளேன் என்னும் மற்றொரு பாவனையிலும் நிலை அதுவே. இவற்றை இயக்குவோருட் பலர் தமக்கு விருப்பமான கோலத்தைத் தாமே தீட்டி, ஊதியம் கருதாது ஏனையோர்க்கும் வழங்குகின்றனர்.

தீட்டும் முறை தையற்கலையோடு ஒப்பிடத்தக்கது. விமானத்தின் உருவை ஆக்கியவர் அதன் மேற்பரப்பினை, வெட்டி விரித்த சட்டைத்துணிபோலத் தட்டைத் தாள்களாக விரித்து வைப்பர். ஓவியர் அத்தாள்களில் வண்ணமிடுவர். கணினி அவற்றை மீண்டும் உருவத்தின்மேற் போர்த்தும். தாளில் நேராக ஓடிய கோடு மூக்கின் வளைவிற் போர்த்தப்பட்டவுடன் நெளியும். ஆகவே நெளிவினை முன்னறிந்து தாளிலே எதிர்நெளிவு கொடுத்தல் வேண்டும். போயிங் 747-400 விமானம் மூக்குமுதல் வால்வரை 70.66 மீற்றர் நீளமுடையது. அந்நீளம் முழுவதையும் 4096 புள்ளி அகலமுள்ள ஒரே தாளில் அடக்கின், ஒரு புள்ளி ஏறக்குறைய 1.7 சென்ரிமீற்றரைக் குறிக்கும். மெல்லியதொரு பொற்கோட்டிற்கு இரண்டு மூன்று புள்ளிகளே கிடைக்கும். பழைய உருவங்கள் சிலவற்றில் இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் தாள் ஒன்றே. அதில் எழுதிய பெயர் ஒருபுறம் நேராகவும் மறுபுறம் கண்ணாடியிற் கண்ட எழுத்தாகவும் தோன்றும். இத்தடைகளை வெல்வது கைத்திறன். கைத்திறனுக்குரிய பாராட்டை மறுப்பார் இலர். எனினும் கைத்திறன் மட்டும் கலையாகாது என்பது யாவரும் ஒப்பிய முடிபு.

பழங்கோலத்தை மதிப்பிடப் புகுவோர், அக்கோலம் ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1950களிலும் 1960களிலும் பறந்த விமானங்களிற் பெரும்பாலானவற்றின் உடல் நெடுகச் சாளரவரிசையின்மேல் ஒரு வண்ணப்பட்டை ஓடிற்று. தனித்தனியே கரும்புள்ளிகளாய்த் தோன்றும் சாளரங்களை அப்பட்டை ஒன்றாய் இணைத்தது. உடலை நீளமாகவும் விரைவுடையதாகவும் காட்டிற்று. பட்டைக்கு மேலுள்ள முகட்டில் வெண்ணிறம் பூசினர். அது வெயிலை எதிரெறிந்து உள்ளறையின் வெப்பத்தைத் தணித்தது. விமானியின் கண்முன்னுள்ள மூக்கின் மேற்புறத்தில் ஒளிராத கருமை தீட்டினர்; அது கண்கூச்சத்தைத் தவிர்த்தது. வயிற்றுப்புறத்து அலுமினியத்தைப் பூச்சின்றி விடுதலும் அக்காலத்து வழக்கே. பூச்சும் ஒரு பாரமன்றோ! ஆகவே பழங்கோலம் என்பது வெறும் அலங்காரமன்று. பொருளும் தேவையும் உடலின் வடிவும் ஒன்றுகூடிப் பெற்ற விடையே அது.

இவ்வுண்மையை உணரவே அடுத்த வினா தானே எழும். தேவை மாறி, பொருள் மாறி, உடலும் மாறிய புதுவிமானத்தின்மேற் பழங்கோலத்தை ஏற்றுவது யாங்ஙனம்? இவ்வினா திரையில் மட்டும் எழுந்ததன்று, மெய்விமானங்களிலும் எழுந்தது. 2019ஆம் ஆண்டு பிரிட்டிஷ் எயார்வேஸ் நிறுவனம் தன் நூற்றாண்டு நினைவாக நான்கு விமானங்களுக்குப் பழங்கோலம் பூசிற்று. அவற்றுள் ஒன்றாகிய போயிங் 747-400, பி.ஓ.ஏ.சி. என்னும் பழைய நிறுவனத்தின் 1964 முதல் 1974 வரையிலான கோலத்தைத் தாங்கிற்று. கருநீலப் பட்டையும் கருநீல வாலும் அவ்வாலிற் பொன்னிறப் பறவையும் அக்கோலத்தின் சிறப்பு. அப்பறவைச் சின்னமோ அதனினும் மூத்தது. 1932இல் இம்பீரியல் எயார்வேஸ் நிறுவனத்துக்காகத் தெயர் லீ-எலியட் என்னும் ஓவியர் வரைந்தது. ஆயின் பி.ஓ.ஏ.சி. 1974இல் பிரிட்டிஷ் எயார்வேஸுடன் ஒன்றாயிற்று. 747-400 முதன்முதற் பறந்ததோ 1988இல். முந்திய 747 வகையைப் பி.ஓ.ஏ.சி. இயக்கியதுண்டு, நீண்ட மேல்மாடமும் இறக்கைநுனியில் மேனோக்கி நிமிர்ந்த சிறுதகடும் உடைய இவ்வகையை அது கண்டதே இல்லை. எனவே நாம் கண்டது வரலாற்றின் மறுபதிப்பு அன்று. பழைய மொழியிற் சொன்னதைப் புதிய மொழியிற் சொல்லும் மொழிபெயர்ப்பு.

மொழிபெயர்ப்பு என்னும் இவ்வுவமை இக்கலையை அளத்தற்கு ஏற்ற கோல் என்பது எம் கருத்து. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவன் மூலத்தைக் காப்பதுபோலத் தோன்றி அதனைக் கெடுக்கின்றான். பழைய பட்டையின் அகலத்தை அளந்து அப்படியே புதிய உடலில் ஒட்டும் ஓவியனும் அத்தகையனே. நீண்டு மெலிந்த உடலில் விரைவைக் காட்டிய பட்டை, குறுகிப் பருத்த உடலில் இடுப்புக்கச்சையாய்த் தோன்றும். பட்டை சாளரத்தை அணைக்க வேண்டும், மூக்கிற் கூர்ந்து முடிய வேண்டும், வாலை நோக்கிக் கண்ணை ஈர்க்க வேண்டும் என்னும் உறவுகளே காக்கற்பாலன. அவ்வுறவுகளைக் காத்தற்பொருட்டு அளவை மாற்றுதல் பிழையன்று, கடமையே என்க.

அதே 2019ஆம் ஆண்டில் எயார்பஸ் 319 விமானமொன்று பி.ஈ.ஏ. நிறுவனத்தின் 1959 முதல் 1968 வரையிலான கோலத்தைப் பெற்றது. மூலக்கோலத்தில் இறக்கைகள் செந்நிறமானவை. புதிய விமானத்திலோ இறக்கையின் மேற்புறம் சாம்பல் நிறமாகவே விடப்பட்டது. இறக்கைப்பூச்சின் ஒளியெறியும் தன்மை பற்றிய இக்கால விதியே அதற்குக் காரணம் என நிறுவனமும் வெளிப்படையாகக் கூறிற்று. திரையில் தீட்டும் ஓவியனை அவ்விதி கட்டுப்படுத்தாது. அவன் எந்நிறம் இடுவது முறை? 2019இற் பறந்த அவ்விமானத்தையே காட்டுவதாயின் சாம்பல் நிறமே முறை. பி.ஈ.ஏ. இன்றும் வாழ்ந்திருப்பின் எவ்வாறு இருந்திருக்கும் என்னும் கற்பனையாயின் செந்நிறம் தகும். இவ்விரண்டனுள் எதனைத் தான் செய்கின்றான் என்பதை அறியாது நிறமிடுவதே குற்றம். தீட்டுமுன் கருத்துத் தெளிதல் வேண்டும் என்பது இவ்வெடுத்துக்காட்டாற் போதரும்.

இனி, இக்கலையில் மலிந்து காணப்படும் குறைகள் மூன்றினைச் சுட்டுவோம்.

முதலாவது, நிறத்தின் மூலத்தை ஆராயாமை. பழைய வண்ணச்சுருட் படங்களுட் பல காலப்போக்கில் நிறம் மாறுவன. நீலச்சாயம் விரைவில் மங்குமாயின் படம் முழுவதும் செம்மை படரும். கொடாக்குறோம் சுருள் இருளிற் பேணப்படின் நிறத்தை நெடுங்காலம் காக்கும். அக்காலத்து எக்டாக்குறோம் சுருள்களோ அத்துணை காப்பனவல்ல. மங்கிய படமொன்றிலிருந்து நிறத்தை அப்படியே எடுத்துப் பூசி, இதுவே 1962இன் நீலம் என்பார் உளர். அவர் பூசியது விமானத்தின் நிறமன்று, படச்சுருளின் நோய். ஓரேட்டை மட்டும் நம்பிப் பதிப்பிப்பவன் எழுதினோன் பிழையையும் பாடமாக ஏற்றுவிடுவான். பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் ஆராய்பவனே நல்ல பதிப்பாசிரியன். ஓவியனுக்கும் அவ்விதியே. பல படங்களை ஒப்பிட்டு, படத்திலுள்ள முகில், புல், சீருடை முதலிய அறிந்த நிறங்களைக்கொண்டு அறியாத நிறத்தைத் தேர்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒளியை நிறமென மயங்குதல். பழைய ஓவியமுறையில் நிழலையும் பளபளப்பையும் ஓவியனே தீட்டினான். இன்றைய பாவனைகளில் நிறத்துக்கு ஒரு தாள். உலோகத்தன்மை, சொரசொரப்பு ஆகியவற்றுக்கு வேறு தாள். சூரியனின் நிலைக்கேற்ப ஒளியையும் நிழலையும் கணினியே இடும். நிறத்தாளிலும் நிழலைத் தீட்டிவிடின் ஒரு பொருளுக்கு இருநிழல் வீழும். சூரியன் மேற்கிற் சாய்ந்த பின்பும் கிழக்குவெயில் உடலில் ஒட்டிக்கிடக்கும். பூசாத அலுமினியத்தைக் காட்டுமிடத்து இக்குறை பெரிதும் வெளிப்படும். உலோகத்துக்குத் தனிநிறம் சிறிதே. தன்னைச் சூழ்ந்த வானையும் நிலத்தையும் அது வாங்கிக் காட்டும். சாம்பல் நிறம் பூசி உலோகமென்றல் பொருந்தாது. மற்றொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. அமெரிக்கன் எயார்லைன்ஸ் பல்லாண்டுகள் மெருகிட்ட உலோக உடலையே தன் அடையாளமாகக் கொண்டிருந்தது. போயிங் 787 போன்ற விமானங்களின் உடல் நாரிழை சேர்ந்த கலப்புப்பொருளாலானது. அதனைப் பூச்சின்றி விடல் இயலாது. ஆகவே 2013இல் அந்நிறுவனம் வெள்ளிநிறப் பூச்சுக்கு மாறிற்று. 787இன்மேல் அப்பழங்கோலத்தைத் தீட்டுபவன் அதனைக் கண்ணாடிபோல மின்னும் உலோகமாக்குவானாயின், பொருளின் இயல்பையே மறந்தவனாகின்றான்.

மூன்றாவது, பழங்காலத்தையும் பழம்பொருளையும் ஒன்றெனக் கொள்ளுதல். பழங்கோலம் என்றவுடன் அழுக்கும் துருவும் எண்ணெய்க்கறையும் இட்டு நிரப்புவார் பலர். 1960இல் ஓடுதளத்தில் நின்ற விமானம் 1960இற் புதியது. அதன் நிறுவனம் அதனைக் கழுவி மெருகிட்டுப் பெருமையுடன் பறக்கவிட்டது. பிஸ்டன் இயந்திரத்தின் புகைபோக்கிக்குப் பின்னே கருமை படிதல் உண்மை. அதனைக் காட்டுதல் அறிவு. உடல் முழுதும் கறை தெளித்தல் அறிவன்று. பாட்டனின் திருமணப்படம் மங்கியிருத்தலால், அன்று அவர் மங்கிய வேட்டி உடுத்தார் என்று கூறுவார் உண்டோ?

இவை யாவும் கைப்பிழைகள். இவற்றினும் பெரியது வாய்மைபற்றிய வினா. நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைக் கொள்வோம். எயார் சிலோன் 1947இல் டகோட்டா விமானங்களுடன் தொடங்கி 1970களின் இறுதியில் மறைந்தது. அதனிடத்தில் 1979இல் எயார் லங்கா தோன்றிற்று. எயார்பஸ் 320 முதன்முதற் பறந்தது 1987இல். எயார் சிலோன் கோலத்தில் 320 ஒன்றை ஒருவர் அழகுறத் தீட்டுவாராயின் அது இனிய கற்பனை, தடைசெய்யத்தக்கதன்று. ஆயின் அப்படம் தீட்டியவர் பெயரும் குறிப்பும் நீங்கித் தனியே உலவுமிடத்து, பின்வரும் மாணவனொருவன் அதனை வரலாறென நம்புதல் கூடும். நூலில் இடைச்செருகல் புகுவது இவ்வழியே அன்றோ? முதலில் ஒருவர் அன்பினால் எழுதிச் சேர்க்கின்றார். பின்னர் அது மூலமாகிவிடுகின்றது.

‘இது விளையாட்டுத்தானே; இத்துணைக் கண்டிப்பு எதற்கு?’ என்பார்க்கு ஒன்று கூறுவோம். பிரிட்டிஷ் எயார்வேஸ் தன் 747 விமானங்கள் அனைத்தையும் 2020ஆம் ஆண்டு சேவையினின்று நீக்கிற்று. பி.ஓ.ஏ.சி. கோலம் தாங்கிய அவ்விமானமும் அவ்வாண்டு டிசம்பரில் வேல்ஸ் நாட்டுச் சென்ட் அதன் தளத்தை அடைந்தது. அக்கோலத்துடன் 747 ஒன்று வானில் எழுவதைக் காண விரும்பும் சிறுவனுக்குத் திரையன்றி வேறிடமில்லை. உலோகம் உடைக்கப்படும், நிறுவனம் பெயர் மாறும், அவற்றை இயக்கியோரும் பழுதுபார்த்தோரும் ஒருவர்பின் ஒருவராய் மறைவர். எஞ்சுவது படமே. ஆகவே விளையாட்டாகத் தீட்டினும் ஓவியன் ஒருவகை ஆவணக்காப்பாளன் ஆகின்றான். விரும்பி ஏற்றானல்லன் எனினும் அப்பொறுப்பு அவனைச் சார்கின்றது.

அப்பொறுப்பை நிறைவேற்றுதல் அரிதன்று. தன் ஆக்கத்தோடு செல்லும் குறிப்பில் மூன்று வாக்கியங்கள் போதும்: மெய்யாகப் பறந்த விமானமா, கற்பனையா, எவ்வாண்டின் கோலம், எவ்விடத்து மூலத்தினின்றும் விலகினேன், ஏன். கற்பனை விமானத்துக்கு மெய்விமானமொன்றின் பதிவெழுத்தை இடாது விடுதலும் நன்று. இவை கற்பனையின் சிறகை வெட்டுவன அல்ல. படிப்போன் எங்கே மூலம், எங்கே உரை என்று பிரித்தறியச் செய்வன.

தொகுத்துக் கூறின், நல்ல பழங்கோலம் மூன்று இயல்புகள் உடையது. பழைய வடிவின் காரணத்தை உணர்ந்திருக்கும். புதிய உடலின் இயல்புக்கு இணங்கும். தான் யாதென்பதை மறைக்காது. முதலிரண்டும் இல்லையேல் அழகு கெடும். மூன்றாவது இல்லையேல் அழகே கேடாகும். பொன்னிறப் பறவையைப் புள்ளி புள்ளியாய்த் தீட்டி இரவெல்லாம் விழித்திருக்கும் இளைஞன் இதனை உணர்வானாயின், அவன் செய்வது பொழுதுபோக்கு மட்டுமன்று. மறைந்தோர்க்குச் செய்யும் மரியாதையுமாம்.