நோயா, கற்ற பாடமா?

போதைப் பொருளை விட மாட்டாதவனைப் 'போதைக்கு அடிமை' என்கிறோம். ஆங்கிலேயர் வழங்கும் 'அடிக்ட்' என்னும் சொல்லின் வேரும் அதுவே. பண்டை உரோமில் கடனைத் தீர்க்க மாட்டாதவனைக் கடன் கொடுத்தவனிடமே நடுவர் ஒப்படைத்துவிடுவர். அங்ஙனம் ஒப்படைக்கப்பட்டவனுக்கு இலத்தீன் மொழியில் 'அடிக்டஸ்' என்று பெயர். தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே கருத்தில் வந்து நிற்பது வியப்பே. ஆனால் அடிமைப்படுத்துவது எது என்னும் வினாவிற்கு அறிஞர் விடை ஒன்றாய் இல்லை. ஒழுக்கக்கேடு என்றனர் முன்னையோர். மூளை நோய் என்று 1997இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார் அமெரிக்க அறிஞர் ஆலன் லெஷ்னர். இவ்விரண்டையும் மறுத்து எழுந்ததே மார்க் லூயிஸ் 2015இல் வெளியிட்ட 'வேட்கையின் உயிரியல்' என்னும் ஆங்கில நூல்.

லூயிஸ் டொராண்டோவிலும் பின்னர் நெதர்லாந்திலும் பேராசிரியராய் இருந்தவர். வளர்ச்சி உளவியலும் நரம்பியலும் அவர் துறைகள். இளமையில் தாமே போதையில் வீழ்ந்து எழுந்தவர். மலேசியாவில் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்ததையும், கல்கத்தாவின் அபினிக் கூடங்களுக்குச் சென்றதையும் 2011இல் வந்த தம் முந்தைய நூலில் மறைக்காமல் எழுதினார். ஆதலின் ஏட்டறிவோடு பட்டறிவும் இவர் எழுத்தில் உண்டு.

நூலின் உயிர்நாடி டோபமின் என்னும் மூளை வேதிப்பொருளைப் பற்றிய பகுதியாகும். இதனை இன்பம் தரும் பொருள் என்று எழுதுவோர் பலர். அஃது அத்தனை சரியன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கென்ட் பெரிட்ஜ் எலிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். டோபமின் நீக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடாமல் பட்டினி கிடந்தன. ஆயினும் சர்க்கரை நீர் நாவில் பட்டபோது சுவைத்து மகிழும் முகக்குறி அவற்றிடம் குன்றவில்லை. எனவே துய்த்தல் வேறு, வேட்டல் வேறு. டோபமின் வேட்கைக்கு உரியது. குடிகாரன், குடி இனிக்காத நாளிலும் குடியை நாடி ஓடுவது ஏன் என்பது இங்கே விளங்குகிறது. நாட்டமும் நிகழ்ச்சியும் திரும்பத் திரும்பச் சேரும்போது நரம்பணுக்களின் இணைப்பு அந்த ஒரே தடத்தில் உறுதிப்படுகிறது. காதலிலும் கலைப் பயிற்சியிலும் நிகழும் மாற்றமும் இதுவே என்கிறார் லூயிஸ். மூளை மாறியது என்பதனாலேயே நோய் என்று கூறின், கல்வி அனைத்தும் நோயாய்விடும்! ஆசிரியத் தொழிலில் உள்ளவர்கள் இந்த வாதத்தை எளிதில் ஒப்புவர்.

ஆயினும் 'நோய்' என்னும் சொல்லின்மீது லூயிஸ் காட்டும் சினம் சற்று மிகை. குடிகாரனைச் சிறைக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்கு அனுப்பும் மனப்பாங்கை வளர்த்தது அச்சொல்லே. மேலும், நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து இறப்பதும் உண்டு. அதனைக் கற்ற பாடம் என்ற அளவில் விளக்கிவிட முடியாது. அங்கே மருத்துவர் வேண்டும்.

மற்றொரு குறை இதனினும் பெரிது. வேட்கைக்கு அளித்த இடத்தை இவர் மன உளைச்சலுக்கு அளிக்கவில்லை. போதை தணியும்போது மூளையில் அச்சமும் உளைச்சலும் பிறப்பிக்கும் வேதிப்பொருள்கள் ஓங்கி எழுகின்றன என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் கூப் நெடுங்காலம் ஆராய்ந்து காட்டியுள்ளார். அந்நிலையில் மனிதன் குடிப்பது இன்பம் பெறுவதற்கன்று, துன்பம் ஆற்றுவதற்கே. அத்துன்பமோ போதையினால் மட்டும் வருவதன்று. வாழும் சூழலும் அதனைத் தருகிறது.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு ஆட்பட்ட அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்னும் பெண்மணி ஆராய்ந்தார். படைவீரருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அங்கு அடிமைப்பட்டிருந்தனர். அவர்கள் 1971இல் நாடு திரும்பியபின் முதலாண்டில் மீண்டும் அந்நிலைக்கு வீழ்ந்தோர் நூற்றுக்கு 5 பேர் அளவே. போர்க்களத்தில் கற்றதை வீட்டில் விட்டனர். போதை ஒரு பாடம் என்றால், அதனைக் கற்பிக்கும் பள்ளியையும் ஆராய வேண்டுமல்லவா? லூயிஸ் மாணவனை நுணுகி நோக்குகிறார். பள்ளிக் கட்டடத்தை வெளியில் நின்றே பார்த்துப் போய்விடுகிறார்.

இம்மண்ணில் அது நன்கு உணரப்பட்டிருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழர்கள், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. கள்ளையும் சிறுமையையும் ஒன்றாகவே எண்ணியவர்கள் அவர்கள்.

நூலின் நடை தெளிவானது. போதையிலிருந்து மீளுதல் என்பது பழைய நிலைக்குத் திரும்புதலன்று, மேலும் வளர்தல் என்று வற்புறுத்தும் இறுதிப் பகுதி சிறப்பாக அமைந்துள்ளது. மூளையின் பகுதிப் பெயர்கள் மிரட்டுமாயின், ஐவருடைய வாழ்க்கை வரலாறுகளை முதலில் படித்துவிட்டு உயிரியலுக்குத் திரும்பலாம். பொருள் தொடர்பு கெடாது.