மொராக்கோக்காரரும் நம்ம கண்ணனூரும்

ஊர் சுற்றிகளில் எனக்கு ஒரே ஆள்தான், இபின் பதூதா. மற்றவர்களெல்லாம் அவருக்குப் பிறகு. மார்கோ போலோவின் ரசிகர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும். திருச்சியில் எங்கள் பாப்பாக்குறிச்சி காட்டூர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே வாதாடத் தயார்.

மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304-ல் பிறந்தவர். 1325 ஜூன் மாதம், 21 வயதில், மக்காவுக்குப் போகிறேன் என்று தனியாகக் கிளம்பினார். அம்மா அப்பாவைப் பிரிவது கஷ்டமாக இருந்தது என்று அவரே சொல்கிறார். அப்படிப் போனவர் ஊர் திரும்ப 24 வருஷம் ஆனது. அதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அரேபியா, பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கி, மத்திய ஆசியா, டில்லி, மாலத்தீவு, இலங்கை, தமிழ்நாடு, சீனா என்று போய்க்கொண்டே இருந்த மனுஷன். மொத்தம் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ரயில் கிடையாது, விமானம் கிடையாது. ஒட்டகம், குதிரை, பாய்மரக் கப்பல், இல்லையென்றால் நடைதான்.

ஊருக்குத் திரும்பிய பிறகாவது சும்மா இருந்தாரா? ஸ்பெயினுக்கு ஒரு நடை போய் வந்தார். அதுவும் போதாமல் 1352-ல் சிஜில்மாசா என்ற ஊரில் ஒட்டகம் வாங்கி, நாலு மாதத் தீவனமும் வாங்கிக்கொண்டு, வியாபாரிகளின் கூட்டத்தோடு சகாராவுக்குள் இறங்கினார். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு நாக்கு வறண்டுவிடும். மிகையில்லை. பக்கத்தில் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் படிப்பேன்.

25 நாள் பயணத்துக்குப் பிறகு தகாசா வருகிறது. உப்பளம். மரம் ஒன்றுகூட இல்லை. வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டவை, கூரை ஒட்டகத் தோல். நிலத்தைத் தோண்டினால் பலகை பலகையாக உப்பு. அதை ஒரு ஒட்டகத்துக்கு இரண்டு பலகை என்று ஏற்றித் தெற்கே கொண்டுபோனால் தங்கம். வெட்டுகிறவர்கள் அடிமைகள். எங்கிருந்தோ வருகிற பேரீச்சம்பழமும் ஒட்டகக் கறியும் தானியமும்தான் அவர்களுக்குச் சாப்பாடு. குடிக்கிற தண்ணீரும் உப்புக் கரிக்கும். ஊரெல்லாம் ஈ. அந்த நரகத்தில் பத்து நாள் இருந்ததாக எழுதுகிறார்.

அதற்கு அப்பால்தான் நிஜப் பாலைவனம். கூட்டத்துக்கு முன்னால் கொஞ்ச தூரம் போய் ஒட்டகத்தை மேயவிடுவது இவர்களுக்கு வழக்கம். ஒரு நாள் இபின் ஜீரி என்பவர் தன் உறவுக்காரரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டுப் பின்தங்கினார். அவ்வளவுதான், ஆளைக் காணோம். அன்றிலிருந்து முன்னாலும் போவதில்லை, பின்தங்குவதும் இல்லை என்கிறார் இபின் பதூதா. பிறகு வழியில் இன்னொரு கூட்டத்தில் தவறிப்போன ஒருவரின் உடலைப் பார்க்கிறார்கள். ஒரு சின்னப் புதரடியில், உடுத்திய துணியோடு, கையில் பிடித்த சாட்டையோடு கிடக்கிறது. தண்ணீர் அங்கிருந்து ஒரு மைல் தூரத்தில்! அதற்கு மேல் ஒப்பாரி கிடையாது. அடுத்த வரியில் பயணம் தொடர்கிறது. இந்த மனுஷன் எழுத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

அடுத்து தக்ஷீஃப். கூட்டத்துக்கு முன்பாகத் தன்னந்தனியாக வலாத்தா என்ற ஊருக்குப் போய், "இன்னார் வருகிறார்கள், தண்ணீரோடு எதிரே வாருங்கள்" என்று கடிதம் சேர்ப்பிக்கிற ஆள். ஊர்க்காரர்கள் நாலு நாள் தூரம் தண்ணீர் சுமந்து எதிரே வருவார்கள். இவன் வழியில் செத்தால் பின்னால் வருகிற கூட்டம் முழுக்கக் காலி. தனியாகப் போகிறவனைப் பாலைவனத்துப் பேய்கள் விளையாட்டுக் காட்டி வழி தவற வைக்கும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. இவர்கள் நூறு மிஸ்கால் தங்கம் கொடுத்து அமர்த்திய ஆளுக்கு ஒரு கண் தெரியாது, இன்னொரு கண்ணில் நோய். ஆனால் பாதை அவனைப்போல யாருக்கும் தெரியாதாம். ஏழாவது நாள் இரவு, தண்ணீரோடு வந்தவர்கள் மூட்டிய நெருப்பு தூரத்தில் தெரிகிறது. அந்த இடம் வந்தால் எனக்கு விசில் அடிக்கத் தோன்றும்.

பேய் விஷயத்தை எங்கள் தெருவில் சவூதியில் தண்ணீர் லாரி ஓட்டித் திரும்பிய அண்ணனிடம் கேட்டேன். திருச்சி விமான நிலையத்திலிருந்து வளைகுடாவுக்குப் போய் வருகிற ஆட்கள் எங்கள் பக்கம் நிறைய. சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "தம்பி, ராத்திரி மணல்ல வண்டிய நிறுத்துனா யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிடுற மாதிரியே இருக்கும். காத்துதான். ஆனா திரும்பிப் பாக்காம இருக்க முடியாது. என்ன ஆனாலும் வண்டிய விட்டு எறங்கி நடக்காதடான்னு சீனியருங்க அடிச்சுச் சொல்லுவாங்க" என்றார். 670 வருஷம் கழித்தும் பாலைவனத்தின் முதல் பாடம் அதேதான்: கூட்டத்தை விட்டுப் பிரியாதே.

சரி, நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். எனக்குப் பைத்தியம் பிடிக்கவைத்த பகுதி அதுதான்.

டில்லியில் முகமது பின் துக்ளக்கிடம் காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்தவர், சீனாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டு, கோழிக்கோட்டில் புயலில் கப்பலைத் தொலைத்து, மாலத்தீவில் காஜியாகிக் கல்யாணங்களும் செய்து, இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறிவிட்டு வருகிறார். வழியில் நம் கிழக்குக் கரையோரம் கப்பல் தட்டி நிற்கிறது. பாய்மரத்தை வெட்டிப் போடுகிறார்கள். கட்டுமரம் மாதிரி ஒன்றைக் கட்டி, கூட வந்த சிலரை முதலில் கரைக்கு அனுப்பிவிட்டு, இவர் உடைந்த கப்பலின் பின்பக்கத்தில் ராத்திரி முழுக்கக் குந்தியிருக்கிறார். காலையில் உள்ளூர்க்காரர்கள் படகில் வந்து கரை சேர்க்கிறார்கள். சாப்பிட மீன் கொடுக்கிறார்கள், ஒரு பழமும் கொடுக்கிறார்கள். உள்ளே பஞ்சு மாதிரி, அதில் தேன் மாதிரி இனிப்பு, அதைப் பிழிந்து பண்டம் செய்கிறார்கள் என்று எழுதுகிறார். பனம்பழம் ஐயா! நார் பல்லிடுக்கில் மாட்டிக்கொள்ள நாம் சூப்பிய அதே பழம்.

அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாசுதீன். இவரும் சுல்தானும் சகலைகள். மதுரை சுல்தானகத்தைத் தொடங்கிய ஜலாலுதீன் அஹ்சன் ஷாவின் ஒரு மகளை இவர் டில்லியில் கட்டியிருந்தார், இன்னொரு மகள் கியாசுதீனின் மனைவி. சகலை முறைக்கு ராஜ மரியாதைதான். இருவரும் உட்கார்ந்து மாலத்தீவைப் பிடிக்கத் திட்டம்கூடப் போட்டார்கள். ஆனால் சகலை செய்த அட்டூழியத்தை இவர் மூடி மறைக்கவில்லை. காட்டில் பிடித்த ஜனங்களைக் கழுவில் ஏற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் எழுதி, வேறு எந்த அரசனும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை, அதனால்தான் கடவுள் அவன் ஆயுளைச் சீக்கிரம் முடித்தார் என்று தீர்ப்பும் சொல்கிறார்.

கண்ணனூர் வருவது இங்கேதான். அவர் குப்பான் என்று குறிப்பிடும் கோட்டை, சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர்க் கொப்பம் என்பது வரலாற்று ஆசிரியர்களின் முடிவு. அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே போசளர்கள் தலைநகராக வைத்து ஆண்ட ஊர். அது மதுரை சுல்தான் கையில் இருந்தபோது போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் பெரும்படையோடு முற்றுகை இட்டார். மாதக்கணக்கில் நீண்ட முற்றுகை. உள்ளே இருந்தவர்களுக்கு 14 நாளுக்குத்தான் சாப்பாடு மிச்சம். ஒரு தவணை வாங்கிக்கொண்டு மதுரைக்கு ஆள் அனுப்பினார்கள். கியாசுதீன் சுமார் 6,000 பேரோடு வந்து, மத்தியானத் தூக்க வேளையில், குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பாய்ந்தார். யாரோ திருட்டுப் பயல்கள் என்று அசட்டையாக எழுந்தவர்கள் சிதறிப் போனார்கள். 80 வயது வல்லாளர் குதிரை ஏறப் பார்க்கும்போது பிடிபட்டார். யானை, குதிரை, பணம் எல்லாவற்றையும் கறந்துகொண்டு அவரைக் கொன்று, தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். நானே அதைப் பார்த்தேன் என்கிறார் இபின் பதூதா. இது நடந்தது 1342-43 வாக்கில்.

இதைப் படித்த பிறகு சமயபுரம் பஸ்ஸில் ஏறினால் வழியெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. ச. கண்ணனூர் பேரூராட்சிப் பலகையைப் பார்த்தாலே சிலிர்ப்பு. மாரியம்மன் கோயில் கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலகி நடந்தால் போஜீஸ்வரர் கோயில். போசள ஈஸ்வரர்தான் மக்கள் வாயில் அப்படி ஆகிவிட்டார். வீர சோமேஸ்வரன் 13-ம் நூற்றாண்டில் கட்டியது. அந்தப் பக்கம் தேங்காய் பழக் கடை நெரிசல், இந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே குறைவு. கல் தூணில் கை வைத்து நின்றால் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏறும்.

திரும்பும்போது ஸ்ரீரங்கம் இறங்கிச் சேஷராயர் மண்டபத்துக்குப் போய்விடுவேன். பின்னங்காலில் எழும்பி நிற்கிற அந்தக் கல் குதிரைகளைப் பாருங்கள். கடிவாளத்தின் வார், சேணத்தின் குஞ்சம், விடைத்த மூக்கு, ஈட்டி வாங்குகிற புலி. நாயக்கர் காலச் சிற்பிக்கு இவ்வளவு நுணுக்கமாகக் குதிரை தெரிந்ததற்குப் பின்னால் அரபு வியாபாரிகளின் பல நூற்றாண்டுக் கப்பல் போக்குவரத்து இருக்கிறது. பாண்டியர் காலத்திலேயே வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை காயல் முதலான துறைகளுக்கு வந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஒரு குதிரை 220 பொற்காசு. நம் ஆட்களுக்குக் குதிரை வளர்க்கவே தெரியவில்லை, வேகவைத்த சோற்றையும் கறியையும் போட்டுச் சாகடிக்கிறார்கள் என்று மார்கோ போலோ கிண்டல் செய்திருக்கிறார். அந்த ஆள் மீது எனக்குக் கோபம் வர இதுவும் ஒரு காரணம்.

மதுரையில் இன்னொரு காட்சி உண்டு. கொள்ளை நோய். இன்று படுத்தால் நாளையோ மறுநாளோ சாவு. நல்ல ஆரோக்கியம் என்று சொல்லி வாங்கிய அடிமைப் பெண் மறுநாளே இறந்துபோகிறாள். இவருக்கும் காய்ச்சல், பிழைக்க மாட்டோம் என்று முடிவே கட்டிவிட்டார். அப்போது மனதில் ஒரு யோசனை. அந்த ஊரில் ஏராளமாகக் கிடைக்கிற புளியைக் கிட்டத்தட்ட ஒரு ராத்தல் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போய், காய்ச்சல் விட்டது. சகாராவைப் பின்னால் கடக்கப் போகிற வீரரைக் காப்பாற்றியது நம் வீட்டுப் புளிக்கரைசல்!

குறை இல்லாத ஆளா என்றால் இல்லை. தற்பெருமை அதிகம். போன ஊரிலெல்லாம் கல்யாணம், போகும்போது தலாக். அடிமைகளை வாங்கி விற்றதை ஏதோ சட்டி பானை வாங்கிய மாதிரி சொல்வார், அங்கே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சீனப் பகுதியைப் பற்றி அறிஞர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஹொன்னாவர் பக்கம் கடற்கொள்ளையர்கள் கால்சட்டையைத் தவிர எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள், குறிப்புகளும் போயின. கடைசியில் மொராக்கோ சுல்தான் அபூ இனான் கட்டளைப்படி நினைவிலிருந்தே சொல்லச் சொல்ல இபின் ஜுஸய் என்ற எழுத்தர் எழுதி 1355-ல் முடித்தார். 30 வருஷத்தை நினைவிலிருந்து சொன்னால் நாலு இடம் பிசகத்தான் செய்யும். பிசகட்டுமே!

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மொத்தப் புத்தகத்தையும் தூக்கிப் பயந்துவிடாதீர்கள். நீலகண்ட சாஸ்திரி தொகுத்து சென்னைப் பல்கலைக்கழகம் 1939-ல் வெளியிட்ட தென்னிந்தியா பற்றிய வெளிநாட்டார் குறிப்புகள் நூலில் நம் பகுதி இருக்கிறது. இந்தியா, மாலத்தீவு, இலங்கைப் பகுதிகளை மட்டும் மஹ்தி ஹுசைன் மொழிபெயர்த்தது 1953-ல் பரோடாவில் வந்தது. இரண்டும் ஆங்கிலம்தான். முதலில் மதுரை, கொப்பம். அடுத்து சகாரா. ருசி கண்டுவிட்டால் மற்றதை நீங்களே தேடிப் போவீர்கள். படித்து முடித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் நிலையத்தில் சமயபுரம் பஸ் ஏறுங்கள். அம்மனைக் கும்பிட்ட கையோடு போஜீஸ்வரர் கோயிலுக்கும் ஒரு எட்டுப் போய்விட்டு வாருங்கள்.